அரை மாத்திரை

ரிக்மோரும் ஆங்கரும் என்றாலே
எனக்குப் பல்வலி ஞாபகம் வரும்.
என் பல்வலி இல்லை, அடுத்தவர்களுடையது.
ஓர்ஹூஸ் துறைமுகத்துக்குப் பின்னால்
பத்தொன்பது வருஷமாகப் பல் வார்க்கிறேன்.
சுவருக்கு அந்தப் பக்கம் மருத்துவர் அறை,
அறையில் ரேடியோ,
ரேடியோவில் நாள் தவறாமல்
ஹோ-ஹோ என்று ஏறும் அவர்களுடைய ஒரே பாட்டு.
துளைக்கும் கருவிக்கும் அதற்கும்
ஒரே ஸ்ருதி. சோதித்திருக்கிறேன்.

ஆகவே சனிக்கிழமை,
தேவாலயத்தாரின் பழம்பொருள் கடையில்
இசைத்தட்டுகளைத் தள்ளிக்கொண்டே போன விரல்
அவர்கள் பெயரைக் கண்டதும்
தானாக அடுத்ததற்குத் தாவியது.
பிறகு திரும்பி வந்தது.

உறையில் வெள்ளிச் சட்டை இல்லை,
ஊதிவிட்ட முடி இல்லை.
ஒரு சமையலறை, கழுவாத பாத்திரம்.
மேஜைமேல் சம்மணமிட்டு அவள்
ஒற்றைக் காலுறையில் எதையோ தேடுகிறாள்.
அவன் முகம் பாதிதான் விழுந்திருக்கிறது.
பின்னட்டையில் டபுள் பேஸ், தூரிகையால் தட்டும் டிரம்ஸ்,
வாயடைத்த டிரம்பெட். 1978.
மூலையில் நீல மையில் யாரோ:
'இங்கெலீஸுக்கு. இது உனக்குப் பிடிக்காது.'
முப்பது குரோனர்.
கல்லாவில் இருந்த அஸ்லௌக்
'ஐயோ, இவர்களா' என்றாள்.
பரிசு கொடுக்க, என்று பொய் சொன்னேன்.

வீட்டில் முள்ளை இறக்கினேன்.
முதலில் தூசி பேசியது,
எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி.
அப்புறம் பேஸ், அதன்மேல் பியானோ,
இரண்டும் மாடிப்படியில் இருட்டில்
ஒருவர் தோளை ஒருவர் தொட்டு இறங்குவதுபோல.
அவள் பாட வேண்டிய இடம் வந்தது.
அவள் வரவில்லை.

அரை மாத்திரை.
தலைவலிக்கு விழுங்குவதைச் சொல்லவில்லை.
புள்ளி வைத்த எழுத்து ஒன்று ஒலித்து அடங்கும் நேரம்.
அவ்வளவு தாமதம்.
அதற்குள் அவன்
அதே சுரக்கட்டை இன்னொரு தரம்,
இன்னும் மெல்ல வாசிக்கிறான்,
சாத்தப்போகும் கதவுக்கு
காலைக் கொடுத்துக்கொண்டு நிற்பவனாக.
அவள் நுழைகிறாள்.
மன்னிப்பெல்லாம் கேட்பதில்லை.
தூரத்தில் யாரோ, டிரம்பெட்காரராக இருக்கும், சிரிப்பது
அழிபடாமல் அப்படியே கிடக்கிறது.

எழுந்து போய்
மறுபடியும் முதலிலிருந்து வைத்தேன்.
மறுபடியும் தாமதம்.
மறுபடியும் அவன் காத்திருந்தான்.

பிற்பாடு இயந்திர டிரம்ஸ் வாங்கினார்கள்.
அது யாருக்கும் நிற்காது.
வீடு வாங்கினார்கள், பிரிந்தார்கள்,
பிரிந்த பிறகும் மூன்று தட்டு போட்டார்கள்.
எல்லாவற்றிலும் ரிக்மோர்
நொடி பிசகாமல் வந்துவிடுகிறாள்.

திங்கட்கிழமை சுவருக்கு அந்தப் பக்கம்
வழக்கம்போல ஹோ-ஹோ.
மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தேன்.
ஹோவுக்கு முன்னால்
ஒரு சின்ன மூச்சு எடுக்கிறாள்.
பத்தொன்பது வருஷம் அது என் காதில் விழவில்லை.
பிந்தி வர நினைத்து
சட்டென்று முந்திக்கொண்டவளின் மூச்சு.

அன்று செய்த கடைவாய்ப்பல் திரும்பி வந்தது.
'உயரம் அதிகம், கடிக்கும்போது தட்டுகிறது'
என்று பிரெபென் சீட்டு வைத்திருந்தார்.
நியாயம்தான்.
மேல்தாடை கீழ்த்தாடைக்காகக் காத்திருக்காது.
ராவித் தந்தேன்.

இன்னொன்று.
தட்டை விளக்கில் சாய்த்துப் பார்த்தேன்,
பல்லைப் பார்ப்பதுபோல.
முதல் பக்கம் கடையில் வாங்கிய கறுப்பு, ஒரு கீறல் இல்லை.
இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பாட்டு மட்டும்
சாம்பல் பூத்துத் தேய்ந்திருக்கிறது.
நூறு தரமாவது ஓடியிருக்கும்.

இங்கெலீஸ்,
உன்னிடம் அவர் கேட்டிருக்கலாம்.